ஒரே கம்ப்யூட்டர், நாலு ஸ்பீக்கர், நாலு பாட்டு: லினக்ஸில் சவுண்ட் கார்டைப் பிரிப்பது எப்படி?

சின்ன ஊர் ஒன்றில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் மேடை, கீழே பந்தி நடக்கும் ஹால். மேடையில் மணமக்களின் போட்டோ வீடியோ ஓட வேண்டும். பந்தியில் மெல்லிய நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும். சவுண்ட் பார்ப்பவருக்கோ அடுத்த பாட்டு எது என்று ஹெட்போனில் கேட்டுப் பார்க்க வேண்டும். இருப்பது ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர்.

அந்த நேரம் பார்த்து ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வருது. தாலி கட்டும் நேரத்தில் மண்டபம் முழுக்க "டிங்" சத்தம். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இதுக்குத் தீர்வாக, இன்னும் ரெண்டு கம்ப்யூட்டர் வாங்கலாமா, மிக்ஸர் வாங்கலாமா என்றுதான் பலரும் யோசிக்கிறார்கள். ஆனால் அந்தப் பழைய கம்ப்யூட்டரின் முதுகிலேயே நாலு தனித்தனி சவுண்ட் அவுட்புட் சும்மா கிடக்க வாய்ப்பு இருக்கு. லினக்ஸ் போட்டிருந்தால், பணம் செலவில்லாமல் அதைப் பிரித்து எடுக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

பின்பக்கம் இருக்கும் கலர் கலர் ஓட்டைகள் எதுக்கு?

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்பக்கம் பாருங்கள். பல மதர்போர்டுகளில் ஆறு ஆடியோ போர்ட்கள் இருக்கும். பிங்க் கலர் மைக்குக்கு. நீலம் வெளியிலிருந்து சவுண்டை உள்ளே எடுக்க. பச்சையில்தான் நாம் வழக்கமாக ஸ்பீக்கர் சொருகுவோம்.

மீதி மூணு? கருப்பு, ஆரஞ்சு, சாம்பல். இவை மூன்றும் அவுட்புட்தான். ஹோம் தியேட்டர் மாதிரி சுற்றிலும் ஸ்பீக்கர் வைப்பவர்களுக்காகக் கொடுத்தது. கருப்பு பின்பக்க ஸ்பீக்கருக்கு, சாம்பல் பக்கவாட்டு ஸ்பீக்கருக்கு, ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும்.

ஒவ்வொரு போர்ட்டிலும் இடது, வலது என ரெண்டு சேனல். நாலு போர்ட் என்றால் 8 சேனல். இதைத்தான் "7.1" என்று சொல்கிறார்கள். 7 ஸ்பீக்கர், 1 சப்வூஃபர்.

2004-இல் இன்டெல் கொண்டுவந்த ஹெச்டி ஆடியோ தரம்தான் இந்த 8 சேனல் வசதியை சாதாரண மதர்போர்டுகள் வரை கொண்டு வந்தது. ஆனால் வீட்டிலோ கடையிலோ ஏழு ஸ்பீக்கர் மாட்டியவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் மூணு போர்ட் தூசிதான் பிடிக்குது.

அப்போ கருப்பு போர்ட்டில் ஸ்பீக்கர் சொருகினால் போதாதா?

போதாது. சொருகினால் ஒன்றும் கேட்காமல் போகலாம். அல்லது பச்சையில் வரும் அதே பாட்டு கருப்பிலும் வரும்.

காரணம் இதுதான். கம்ப்யூட்டர் இந்த நாலு போர்ட்டையும் நாலு கருவியாகப் பார்ப்பதில்லை. 8 சேனல் கொண்ட ஒரே கருவியாகத்தான் பார்க்குது. பாட்டு பிளேயருக்கும் பிரவுசருக்கும் தெரிவது ஒரே ஒரு பெயர். "பாட்டு பச்சைக்குப் போகட்டும், வீடியோ கருப்புக்குப் போகட்டும்" என்று சொல்ல அங்கே இடமே இல்லை.

நமக்குத் தேவை, அந்த ஒரே கருவிக்கு நாலு பெயர் வைப்பது. ஒவ்வொரு பெயருக்கும் ரெண்டு சேனலை ஒதுக்குவது. இப்படி மென்பொருளில் மட்டும் உருவாகும் அவுட்புட்டுக்குத்தான் மெய்நிகர் அவுட்புட், அதாவது விர்ச்சுவல் அவுட்புட் என்று பெயர்.

ஒரு பெரிய வீட்டுக்கு ஒரே கதவு எண் இருக்கு. உள்ளே நாலு போர்ஷன். தபால்காரர் எல்லாக் கடிதத்தையும் வாசலில் போட்டுவிட்டுப் போகிறார். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி எண் கொடுத்தால் கடிதம் சரியான ஆளிடம் போகும் இல்லையா? அவ்ளோதான் விஷயம்.

லினக்ஸில் சவுண்டைக் கவனிப்பது யார்?

ரெண்டு அடுக்கு இருக்கு.

கீழ் அடுக்கு ஆல்சா. சவுண்ட் கார்டோடு நேரடியாகப் பேசுவது இதுதான். 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6 முதல் இது கெர்னலோடு சேர்ந்தே வருகிறது.

மேல் அடுக்கு, பல ஆப்களின் சவுண்டை வாங்கிக் கலந்து கீழே அனுப்பும் வேலை. ரொம்ப நாள் இதை பல்ஸ்ஆடியோ பார்த்தது. ஸ்டுடியோ வேலை செய்பவர்கள் ஜாக் என்பதைப் பயன்படுத்தினார்கள். (இது நாம் சொருகும் ஜாக் இல்லை, ஒரு மென்பொருளின் பெயர்.) இந்த ரெண்டும் ஒன்றோடு ஒன்று ஒத்துப் போகாமல் இழுபறிதான்.

இப்போது ரெண்டின் இடத்தையும் பைப்வயர் பிடித்திருக்கிறது. ரெட் ஹேட் நிறுவனத்தின் விம் டேமன்ஸ் உருவாக்கியது. ஃபெடோரா 34 (2021), உபுண்டு 22.10 (2022), லினக்ஸ் மின்ட் 22 (2024) முதல் இதுதான் இயல்பாக வருகிறது. பல்ஸ்ஆடியோவுக்காக எழுதிய ஆப்களும் ஜாக்குக்காக எழுதிய ஆப்களும் இதில் ஓடும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிந்தது. அதன்பின் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டவர்கள் பலர். உங்கள் கம்ப்யூட்டர் அப்படிப்பட்டது என்றால், பெரும்பாலும் உங்களிடம் பைப்வயர் ஏற்கெனவே இருக்கும்.

ஆரம்பிக்கும் முன் இந்த நாலையும் செக் பண்ணுங்க

1. ப்ரொஃபைல்: சவுண்ட் கார்டு இயல்பாக "ஸ்டீரியோ" நிலையில் இருக்கும். அந்த நிலையில் 2 சேனல் மட்டுமே தெரியும். "பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோல்" என்ற ஆப்பை இன்ஸ்டால் செய்யுங்கள். பெயர் பழசு என்றாலும் பைப்வயரிலும் வேலை செய்யும். அதில் கான்ஃபிகரேஷன் பகுதிக்குப் போய் "அனலாக் சரவுண்ட் 7.1 அவுட்புட்" என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

2. மூணு போர்ட் மட்டுமே இருக்கா? கவலை வேண்டாம். பல மதர்போர்டுகளில் நீலம், பிங்க் போர்ட்களையே அவுட்புட்டாக மாற்றலாம். ஆல்சாமிக்ஸர் என்ற கருவியில் "சேனல் மோட்" என்று ஒன்று இருந்தால் அதை 6 சேனலுக்கு மாற்றுங்கள். ஆனால் அப்போது பின்பக்க மைக்கும் லைன்-இன்னும் கிடைக்காது.

3. ஆட்டோ மியூட்: முன்பக்கம் ஹெட்போன் சொருகியதும் பின்பக்க ஸ்பீக்கர் ஊமையாகிறதா? கார்டு கெட்டுப் போகவில்லை. அதே ஆல்சாமிக்ஸரில் "ஆட்டோ மியூட் மோட்" என்பதை நிறுத்தி விடுங்கள். முன்பக்க ஹெட்போனில் பெரும்பாலும் பச்சை போர்ட்டின் சவுண்டேதான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

4. ஸ்பீக்கர்: இந்த போர்ட்கள் கொடுப்பது லைன் சிக்னல். சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் உள்ள ஸ்பீக்கரோ, தனி ஆம்ப்ளிஃபயரோ வேணும். வெறும் ஸ்பீக்கர் பெட்டியை நேராகச் சொருகினால் சத்தமே வராது என்ற அளவுக்குத்தான் இருக்கும்.

எந்த ஓட்டையில் எந்தச் சேனல்? முதலில் இதைக் கண்டுபிடியுங்கள்

அட்டையில் போட்டிருக்கும் கலரை மட்டும் நம்ப வேண்டாம். லினக்ஸில் "ஸ்பீக்கர் டெஸ்ட்" என்றே ஒரு கட்டளை உண்டு. 8 சேனல், "வேவ்" வகை என்று சொல்லி அதை ஓட்டினால், "ஃப்ரன்ட் லெஃப்ட்", "ரியர் ரைட்" என்று ஒவ்வொரு சேனலாகக் குரல் வரும். ஒரே ஒரு ஸ்பீக்கரை ஒவ்வொரு போர்ட்டாக மாற்றிச் சொருகிக் கேளுங்கள். எது எங்கே வருகிறது என்று ஒரு பேப்பரில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு சுருக்கப் பெயர் இருக்கு. முன்பக்கம் எஃப்எல், எஃப்ஆர். பின்பக்கம் ஆர்எல், ஆர்ஆர். பக்கவாட்டு எஸ்எல், எஸ்ஆர். நடு ஸ்பீக்கர் எஃப்சி, சப்வூஃபர் எல்எஃப்இ. செட்டிங்கில் எழுத வேண்டியது இந்தப் பெயர்களைத்தான்.

சப்வூஃபர் சேனல் என்றதும் அதில் "தம் தம்" சத்தம் மட்டும்தான் வருமோ என்று பயப்பட வேண்டாம். நாம் முழுப் பாட்டை அனுப்பினால் முழுப் பாட்டும் வரும். ஆகவே ஆரஞ்சு போர்ட்டையும் சாதாரண ஸ்டீரியோ அவுட்புட்டாகவே பயன்படுத்தலாம்.

சரி, பிரிப்பது எப்படி?

பைப்வயரில் லூப்பேக் மாட்யூல் என்று ஒரு பகுதி இருக்கு. ஒரு பக்கம் சவுண்டை வாங்கி மறுபக்கம் விடும் குழாய் மாதிரி. ஒரு மெய்நிகர் அவுட்புட்டுக்கு ஒரு குழாய். மூணு வேணும் என்றால் மூணு குழாய்.

கட்டளையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு குழாய்க்கும் ஐந்து விஷயம் சொன்னால் போதும்.

ஒன்று, பெயர். உள்ளே பயன்படும் பெயரை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் வைப்பது நல்லது. ஆனால் திரையில் தெரியும் விளக்கப் பெயரை "மேடை", "பந்தி ஹால்", "ஹெட்போன்" என்று தமிழிலேயே வைக்கலாம். அவசரத்தில் தப்பான அவுட்புட்டைத் தொடாமல் இருக்க இது பெரிய உதவி.

ரெண்டு, வாங்கும் பக்கம். இதை "ஆடியோ சிங்க்" என்ற வகையில் குறிப்பிட வேண்டும். அப்போதுதான் ஆப்களின் கண்ணுக்கு இது ஒரு ஸ்பீக்கராகத் தெரியும். வாங்கும் சேனல்கள் எப்போதும் எஃப்எல், எஃப்ஆர். பாட்டு பிளேயரைப் பொறுத்தவரை இது சாதாரண ஸ்டீரியோ ஸ்பீக்கர்தான்.

மூணு, விடும் பக்கம். இங்கேதான் பிரிப்பு நடக்குது. "மேடை"க்கு எஃப்எல், எஃப்ஆர். "பந்தி ஹால்" கருப்பு போர்ட் என்றால் ஆர்எல், ஆர்ஆர். "ஹெட்போன்" சாம்பல் போர்ட் என்றால் எஸ்எல், எஸ்ஆர். இதை ஒரு சிறிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் வழியாக எடுத்தால் சத்தம் போதுமானதாக இருக்கும்.

நாலு, எந்தக் கார்டுக்குப் போக வேண்டும். சவுண்ட் கார்டின் முழுப் பெயரை "டார்கெட் ஆப்ஜெக்ட்" என்ற இடத்தில் எழுத வேண்டும். ப்ரொஃபைல் மாற்றினால் கார்டின் பெயரும் மாறும். ஆகவே முதலில் 7.1 தேர்வு செய்துவிட்டு, அப்புறம் பெயரைக் காப்பி எடுங்கள். இந்த வரியை விட்டுவிட்டால் குழாயின் மறுமுனை அந்த நேரத்தில் டீஃபால்ட்டாக இருக்கும் கருவியைத் தேடிப் போகும்.

ஐந்து, "கலக்காதே" என்ற உத்தரவு. இதன் பெயர் "டோன்ட் ரீமிக்ஸ்". இதைப் பற்றிக் கீழே தனியாகப் பார்ப்போம்.

இவற்றை ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரில், பைப்வயருக்கான உள் ஃபோல்டரில் போட வேண்டும். ஃபைல் பெயர் "கான்ஃப்" என்று முடிய வேண்டும். பிறகு ஒருமுறை லாக்-அவுட் செய்து உள்ளே வந்தால் போதும். சவுண்ட் லிஸ்ட்டில் மூணு புதுப் பெயர்கள் நிற்கும்.

"ஃபைல் எல்லாம் எழுதும் முன் ஒருமுறை பார்த்துடலாமே" என்று நினைப்பவர்களுக்கு வேற வழி இருக்கு. பல்ஸ்ஆடியோ காலத்து "ரீமேப் சிங்க்" கட்டளை பைப்வயரிலும் வேலை செய்யும். டெர்மினலில் ஒரே வரி. கம்ப்யூட்டரை அணைத்தால் மறைந்துவிடும். சோதித்துப் பார்க்க இது நல்லது, நிரந்தரத்துக்கு ஃபைல்தான்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் எது?

"எல்லாம் சரியா எழுதினேன். ஆனா பந்தி ஹாலுக்கு அனுப்பிய பாட்டு மேடையிலும் லேசா கேட்குது." இப்படி ஆனால் காரணம் அந்த "கலக்காதே" வரி இல்லாததுதான்.

சவுண்ட் மென்பொருள் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு ஒரு வேலை பார்க்கும். ரெண்டு சேனல் பாட்டு 8 சேனல் கார்டுக்கு வந்தால், மீதி ஸ்பீக்கர்கள் சும்மா இருக்கக் கூடாது என்று அங்கேயும் கொஞ்சம் பரப்பி விடும். சினிமா பார்க்க இது நல்லது. மண்டபத்தில் இதுவே வில்லங்கம்.

லூப்பேக்கில் "டோன்ட் ரீமிக்ஸ்" என்பதை "ட்ரூ" என்று வையுங்கள். ரீமேப் கட்டளை என்றால் "ரீமிக்ஸ்" என்பதை "நோ" என்று வையுங்கள். கசிவு நின்றுவிடும்.

அப்புறமும் கசிந்தால் இன்னொன்றைப் பாருங்கள். நாம் பிரித்த பிறகும் பழைய முழுக் கார்டின் பெயர் லிஸ்ட்டில் இருக்கும். ஏதாவது ஒரு ஆப் நேராக அதற்கே பாட்டை அனுப்பிக்கொண்டு இருக்கலாம். அதனால் டீஃபால்ட் அவுட்புட்டாக நம் மெய்நிகர் அவுட்புட்களில் ஒன்றை வைப்பதுதான் பாதுகாப்பு.

எதை வைப்பது? "ஹெட்போன்". ஆரம்பத்தில் சொன்ன "டிங்" ஞாபகம் இருக்கா? நோட்டிஃபிகேஷன் சத்தங்கள் போவது டீஃபால்ட் அவுட்புட்டுக்குத்தான். அது ஹெட்போனாக இருந்தால், மெசேஜ் வந்தாலும் ஆபரேட்டர் காதோடு நின்றுவிடும்.

எந்த ஆப் எந்த ஸ்பீக்கருக்கு?

வால்யூம் கன்ட்ரோல் ஆப்பில் பிளேபேக் பகுதியைத் திறங்கள். அந்த நேரத்தில் சவுண்ட் கொடுக்கும் ஆப்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எங்கே போக வேண்டும் என்று தேர்வு செய்யலாம். ஒருமுறை சொன்னால் அடுத்த முறைக்கும் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

இதில் ஒரு சிக்கல். ஞாபகம் வைப்பது ஆப்பின் பெயரை வைத்துத்தான். ஒரே பிரவுசரில் ரெண்டு டேப் திறந்து, ஒன்றை மேடைக்கும் ஒன்றை பந்திக்கும் அனுப்பினால், அடுத்த முறை குழப்பம் வரலாம். மேடைக்கு வீடியோ பிளேயர், பந்திக்கு வேற ஒரு மியூசிக் பிளேயர் என்று ஆப்பையே பிரித்து விடுங்கள். விஎல்சி போன்றவற்றில் ஆடியோ மெனுவுக்குள்ளேயே அவுட்புட்டைத் தேர்வு செய்யும் வசதியும் உண்டு.

சத்தம் குறைவா இருக்கே, எங்கே கூட்டுவது?

இப்போது வால்யூம் ஒரே இடத்தில் இல்லை. ஆப்பில் ஒன்று, மெய்நிகர் அவுட்புட்டில் ஒன்று, குழாயின் விடும் பக்கத்தில் ஒன்று, கார்டில் ஒன்று. எது குறைந்திருக்கிறது என்று தேடியே நேரம் போய்விடும்.

எளிய வழி: கார்டையும் விடும் பக்கத்தையும் ஒரு அளவில் நிறுத்திவிட்டு, அப்புறம் தொடவே தொடாதீர்கள். தினசரி ஏற்றி இறக்குவது மெய்நிகர் அவுட்புட்டில் மட்டும். கார்டின் வால்யூமைத் தொட்டால் எல்லா இடத்திலும் சேர்ந்து ஏறும், இறங்கும்.

இவ்வளவு எதுக்கு, நாலு யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிடலாமே?

வாங்கலாம். மேடைக்கு ஒரு பாட்டு, பந்திக்கு வேற பாட்டு என்றால் பிரச்சினையே இல்லை. ஆனால் ஒரே நிகழ்ச்சியை எல்லா இடத்திலும் சேர்ந்து ஒலிக்க வைக்கும்போதுதான் சிக்கல் வரும்.

ஒவ்வொரு சவுண்ட் கார்டுக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கு. நொடிக்கு 48,000 முறை துடிப்பது அதன் வேலை. எந்த ரெண்டு கடிகாரமும் நூற்றுக்கு நூறு ஒன்றுபோல ஓடாது. பத்து லட்சத்துக்கு 50 என்ற அளவில் சின்ன வித்தியாசம் இருந்தால்கூட, ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி தள்ளிப் போகும். காது அதை எதிரொலியாகவே உணரும். மென்பொருள் இதை ஈடுகட்டப் பார்க்கும். ஆனால் அதுக்கு ஒவ்வொரு கார்டின் சவுண்டையும் விடாமல் திருத்திக்கொண்டே இருக்கணும்.

ஒரே கார்டைப் பிரித்தால் இந்தத் தொல்லையே இல்லை. 8 சேனலுக்கும் ஒரே கடிகாரம். எத்தனை மணி நேரம் ஓடினாலும் ஒன்றாகவே ஓடும்.

ஸ்டுடியோ ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்களுக்கு

8, 10 அவுட்புட் உள்ள யுஎஸ்பி இன்டர்ஃபேஸ்களுக்கும் இதே முறைதான். அவற்றுக்கு கான்ஃபிகரேஷன் பகுதியில் "ப்ரோ ஆடியோ" என்ற ப்ரொஃபைலைத் தேர்வு செய்யுங்கள். அப்போது முன், பின், பக்கவாட்டு என்ற பெயர்கள் போய், "ஆக்ஸ்" என்ற பெயரோடு வெறும் எண்கள் வரும்.

கவனிக்க வேண்டியது, எண் பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். பெட்டியில் 3, 4 என்று எழுதியிருக்கும் அவுட்புட்கள் செட்டிங்கில் ஆக்ஸ் 2, ஆக்ஸ் 3. ஒரு எண் தள்ளி எழுதினால் இடது ஒரு ஸ்பீக்கரிலும் வலது வேற ஸ்பீக்கரிலும் போய் நிற்கும்.

லேப்டாப்பில் இது முடியுமா?

பெரும்பாலான லேப்டாப்களில் ஒரே ஒரு ஸ்டீரியோ போர்ட்தான். நாலாகப் பிரிக்க முடியாது. ஆனால் ரெண்டாகப் பிரிக்கலாம். இடது சேனலுக்கு ஒரு மோனோ அவுட்புட், வலது சேனலுக்கு இன்னொரு மோனோ அவுட்புட். இடது வலதைத் தனித்தனியாகப் பிரிக்கும் கேபிள் ஒன்று போதும். பாட்டு ஸ்டீரியோவாக இருக்காது. ஆனால் பந்தி ஹாலில் யாரும் அதைக் கவனிக்கப் போவதில்லை.

ஹெச்டிஎம்ஐ வழியாக டிவி இணைத்திருந்தால், அது ஏற்கெனவே லிஸ்ட்டில் தனி அவுட்புட்டாக இருக்கலாம். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே இது சரிப்படாது?

மேடையில் பாடுபவர் தன் குரலையே ஹெட்போனில் உடனுக்குடன் கேட்க வேண்டும் என்றால் இந்தக் குழாய் முறை ஏற்றது இல்லை. ஒவ்வொரு குழாயும் மிகச் சிறிய தாமதத்தைச் சேர்க்கும். பாட்டு போட, வீடியோ காட்ட அது தெரியாது. தன் குரலைக் கேட்டுப் பாடுபவருக்குத் தெரியும். அந்த வேலைக்கு ப்ரோ ஆடியோ ப்ரொஃபைலில் சேனல்களோடு நேரடியாக இணைக்கும் ஸ்டுடியோ ஆப்தான் சரி.

கேபிளிலும் ஒரு எச்சரிக்கை. ஒரு அவுட்புட்டிலிருந்து ரெண்டு ஆம்ப்ளிஃபயருக்குப் பிரிக்கலாம். ஆனால் ரெண்டு அவுட்புட்டை ஒய் கேபிளில் சேர்த்து ஒரே ஆம்ப்ளிஃபயருக்குள் விடாதீர்கள். கார்டின் அவுட்புட்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

கடைசியாக

நிகழ்ச்சிக்கு முதல் நாளே எல்லாவற்றையும் மாட்டி, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். மூணு பெயரும் திரும்ப வருகிறதா, ஒவ்வொரு பாட்டும் அதன் ஸ்பீக்கரில்தான் வருகிறதா என்று கேளுங்கள். உங்கள் நண்பரை ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். "டிங்" சத்தம் உங்கள் ஹெட்போனில் மட்டும் கேட்டால், மண்டபம் ரெடி.